வராதவர்களின் சட்டைகள்

மரியாபாத், குவெட்டா
பிப்ரவரி 19

தம்பி ஏவஸ் அலிக்கு, அக்கா பக்தாவர் எழுதுவது.

களைப்பு உன்னைத் தொடாதிருக்கட்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் முழங்கால் உன் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

அன்று சர்தாப் மைதானத்தில் இருந்தவர்கள்: நடுவர் தோஸ்த் முகம்மது, கழுத்தில் விசிலோடு. கோட்டோரம் கொடி பிடித்த கரீம் பக்ஷ், அவன் அக்கா மகன் நாசிர். எதிரணித் தலைவன் யூசுஃபும் அவன் ஆட்களும். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செயலாளர் ஹாஜி ரவூஃப். இரண்டு காவலர்கள், ஒருவன் மீசைக்காரன், மற்றவன் கொட்டாவிக்காரன். வேகவைத்த கொண்டைக்கடலை விற்ற ஜும்மா. கறுப்புக் கண்ணாடி போட்டு, போர்வையால் வாயை மூடி, ஒரு மூட்டையை அணைத்துக்கொண்டு நின்ற ஓர் ஆள். அவன் பெயரை நான் எழுதவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நீளத் துணி ஒன்று தொங்கியது. 'விளையாட்டில் நிறவெறிக்கு இடமில்லை' என்று அதில் எழுதியிருந்ததாம். எல்லாம் துக்கத்தின் நாற்பதாம் நாள் ஜும்மா என் வீட்டுக்கு வந்து, மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னது. ஒரு பெயரையும் நான் மறக்கவில்லை.

இல்லாதவர்கள் நம் பிள்ளைகள் பதினொரு பேர். என் மகன் யாகூப் அதில் ஒருவன். பேருந்தை நெடுஞ்சாலையில் நிறுத்தி, முகத்தைப் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். ஓட்டுநருக்கு மூக்கு உயரம், நம் ஹசாரா இனத்துச் சப்பை மூக்கு இல்லை, அவனை விட்டுவிட்டார்கள். நம் பிள்ளைகள் சுடப்பட்டுச் சாலையோரம் கிடந்த நேரத்தில், அங்கே தோஸ்த் முகம்மது கடிகாரத்தைப் பார்த்தான், விசில் ஊதினான், 'மரியாபாத் அணி வரவில்லை' என்று சொல்லிக் கோப்பையை யூசுஃபிடம் கொடுக்க வைத்தான். வரவில்லை! அந்தச் சொல்லை ஒன்பது வருடமாக மெல்கிறேன். பல் போனதுதான் மிச்சம். கொஞ்ச நேரம் காத்திருந்தால் அவன் விசில் துருப்பிடித்துவிடுமா?

தெரிந்த கதையை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பக்கத்து வீட்டு ஃபோனில் ஃபிஸ்ஸா பேசினாள். உங்கள் கால்பந்து மன்றத்தில் ஆகஸ்ட் மாதம் நிறவெறிக்கு எதிராக ஒரு நாள் நடத்தப் போகிறார்களாம். நம் ஹசாராக்களின் பெயரையும் அதில் சொல்லக் கேட்கப் போகிறாளாம். நீ அந்தக் குழுவில் இருக்கிறாய். அவள் யாகூபின் மகள், உன் வீட்டில் வளர்பவள். பக்கத்தில் நில்.

இதை ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், ஃபோனில் சொன்னதை 'சரியாகக் கேட்கவில்லை' என்பாய். காகிதத்துக்குக் காது அடைக்காது.

சட்டைகள் எங்கே, ஏவஸ்?

அக்கா.


டாண்டெனாங், மெல்பர்ன்
மார்ச் 14

அக்கா,

நீ நெடுங்காலம் உயிரோடிரு. முழங்காலுக்கு ஒன்றுமில்லை. உனக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், கடுகெண்ணெயோடு சேர்க்காதே.

இங்கே கோடை முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போடுவது என் வேலை. விடிவதற்குள் பனி பாதிக் கோட்டைத் தின்றுவிடும். மீதியைப் பார்த்துப் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஃபிஸ்ஸா கோலில் நிற்கும்போது யாகூபைப் போலவே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் சில சமயம் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மன்றத்து ஆட்கள் நல்லவர்கள். அவர்கள் பேசுவது தோல் நிறத்தைப் பற்றி. நம்முடையது நாட்டுச் சண்டை, தூரத்துச் சங்கதி. நாம் இங்கே விருந்தாளிகள், அக்கா. விருந்துக்குப் போன இடத்தில் நம் வீட்டு ஜனாஸாப் பாடையைத் தூக்கிக்கொண்டு நுழையலாமா?

குளிர் வரப்போகிறது. அடுப்புக் கரி வாங்கி வைத்துவிட்டாயா?

உன் ஏவஸ்.


மரியாபாத்
ஏப்ரல் 6

தம்பிக்கு,

களைப்பு உன்னைத் தொடாதிருக்கட்டும். இங்கே குளிர் முடிந்து பாதாம் பூத்துவிட்டது. நீ கரியைப் பற்றிக் கேட்கிறாய். ஊர் மாறினால் மாதமும் தலைகீழாகிவிடுமா?

விருந்தாளியா நீ? விருந்தாளிக்குச் சட்டியில் முதல் அகப்பையை ஊற்றுவார்கள். ஒரு பெயரைச் சொல்லவே அனுமதி கேட்டு நிற்பவன் விருந்தாளியில்லை, வாசலில் நிற்பவன்.

நேற்று மறுபடி அந்தக் கனவு. நம் மலைச்சரிவில், வீடுகளுக்கு மேலே, கொடியில் பச்சைச் சட்டைகள் காய்கின்றன. காற்று வந்து உள்ளே புகுந்துகொள்கிறது. கை முளைக்கிறது, மார்பு முளைக்கிறது, தலை மட்டும் இல்லை. அவை கொடியிலிருந்து இறங்கிப் படிக்கட்டு வழியாக வருகின்றன. ஒரு பந்து எங்கோ மேலே போயிருக்கிறது, கீழே வரவே இல்லை. சட்டைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கின்றன. 'டீ குடிச்சுட்டுப் போங்கடா' என்கிறேன். வாய் இல்லாமல் எப்படிக் குடிப்பார்கள் என்ற கவலையில் விழித்துவிடுகிறேன்.

அந்தச் சட்டைகளை நான் தைத்தேன். கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு மாதுளம் முத்து வைத்தேன், யார் கண்ணுக்கும் படாத இடத்தில். மூட்டையாகக் கட்டி உன் கையில் கொடுத்தேன். 'பஸ்ல எடமில்லக்கா, மோட்டார் சைக்கிள்ல நான் முன்னாடி கொண்டு போறேன்' என்றாய். பிறகு, வண்டி வழியில் நின்றுவிட்டது, மூட்டையைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன் என்றாய். பேருந்திலிருந்து திரும்பி வந்த சாமான்களைக் கழுவியவள் நான். செருப்புகள் வந்தன. யாகூபின் கையுறைகள் வந்தன. பாதி தின்ற உலர்ந்த அத்திப்பழம்கூட வந்தது. சட்டை ஒன்றுகூட வரவில்லை.

அன்றும் இன்றும் கேட்கிறேன். எங்கே?

அக்கா.

பின்குறிப்பு: காய்ந்த மோர் உருண்டைகள் அனுப்பியிருக்கிறேன். ஃபிஸ்ஸாவுக்குக் கஞ்சியில் கரைத்துக் கொடு.


டாண்டெனாங்
ஏப்ரல் 30

அக்கா,

நீ நெடுங்காலம் உயிரோடிரு. மோர் உருண்டைகளை விமான நிலையத்தில் நாய் பிடித்துவிட்டது. 'இது என்ன, கல்லா?' என்று அதிகாரி கேட்டான். 'எங்க அக்காவோட கோபம்' என்றேன். சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டான்.

மழை பெய்கிறது. நான் போடும் கோடுகள் எல்லாம் பால் மாதிரி ஓடுகின்றன.

எல்லோரும் நலம்.

ஏவஸ்.


டாண்டெனாங்
மே 18

அன்பு ஆஜைக்கு, உங்கள் பேத்தி ஃபிஸ்ஸா.

நீங்கள் நெடுங்காலம் உயிரோடிருங்கள். என் எழுத்து கோழி கிளறினதுபோல இருந்தால் மன்னியுங்கள். நம் எழுத்தை எழுதி வெகு நாளாகிறது.

நேற்று மன்றத்தில் கூட்டம். நான் தனியாகப் போகவில்லை. இடதுபுறம் காக்கும் நூர் காயிதா வந்தாள், அவள் ரோஹிங்கியா. நடுவில் ஆடும் பெரிவான் வந்தாள், நம்மைப் போலவே துரத்தப்பட்ட யசீதி இனத்தவள். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். சுவரில் அந்த நாளுக்கான சுவரொட்டி. அதில் என் படமும் இருக்கிறது, ஆஜை! படத்துக்குக் கீழே 'எங்கள் சீனச் சகோதரி' என்று போட்டிருக்கிறார்கள். எந்த மூக்கைப் பார்த்து அப்பாவைப் பேருந்திலிருந்து இறக்கினார்களோ, அதே மூக்கைப் பார்த்து என்னை வேறு நாட்டுக்காரியாக்கிவிட்டார்கள்.

தலைவி ஜாய்ஸ் கெட்டவள் இல்லை. எங்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள். ஆனால் சொன்னாள்: "கண்ணு, கறுப்பின மக்களுக்காக நிக்கிறோம், இந்த மண்ணோட ஆதிக்குடிகளுக்காக நிக்கிறோம். உலகத்துல இருக்கிற எல்லாருக்காகவும் நிக்க ஆரம்பிச்சா ஆட்டம் எப்ப ஆடுறது? ஒரு சட்டைல எத்தன பேரத்தான் எழுத முடியும்?"

பெரிவான் சும்மா இருப்பாளா? "அப்ப பெரிய சட்டையா தெச்சிருங்க."

நூர் மெதுவாகப் பேசினாள். "யாரோட பேரையும் எடுக்கச் சொல்லல. கொஞ்சம் நகந்து உக்காருங்கன்னுதான் கேக்குறோம். எங்க ஊர்ல எங்களுக்குப் பேரே கெடையாது. இங்கயும் இல்லன்னா நான் எங்க போய்ப் பேரு வாங்குவேன்?"

ஜாய்ஸ் கொஞ்சம் அசைந்துபோனாள். அப்போது கிரெக் என்றொருவர், "இதெல்லாம் நிறவெறியா, இல்ல அந்தந்த நாட்டு மதச் சண்டையா? நம்ம ஏவஸ் அங்கேர்ந்து வந்தவர்தானே, அவரையே கேப்போம்" என்றார். எல்லோரும் சின்னத் தாத்தா பக்கம் திரும்பினார்கள். "ஏவஸ், உங்க ஜனங்க விஷயம் இதுல சேருமா?"

அவரோ, ஆஜை, தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

அதோடு முடிந்தது. ஜூலைக் கூட்டத்தில் கடைசி முடிவு. இல்லை என்றால் அன்று நான் கோலில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் தாத்தா என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார், உப்பை நகர்த்தி வைக்கிறார், பேசுவதில்லை. அவரைத் திட்டி எழுதாதீர்கள். ராத்திரியில் அவர் அழுகிறார் என்று நினைக்கிறேன்.

உங்கள் கைகளை முத்தமிடும்
ஃபிஸ்ஸா.


மரியாபாத்
ஜூன் 10

ஏவஸ்,

களைப்பு உன்னைத் தொடாதிருக்கட்டும், கழுத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தலையை ஆட்டி ஆட்டி வலிக்குமே.

பெண் உன்னைத் திட்டாதே என்கிறாள். திட்டவில்லை. ஒரு சங்கதி மட்டும் எழுதுகிறேன்.

கறுப்புக் கண்ணாடிக்காரன் ஜும்மாவிடம் கடலை வாங்கினானாம். தின்னவில்லையாம், காகிதப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தானாம், ஆறிப்போகும்வரை. மூட்டைத் துணி எப்படி இருந்தது என்று ஜும்மாவைக் கேட்டேன். 'வெள்ளத் திரைச்சீலம்மா, ஓரத்துல மாதுளம்பூ' என்றான்.

என் வீட்டு ஜன்னலில் அப்படி இரண்டு திரை தொங்கியது. ஒன்றை அவிழ்த்துத்தான் உனக்கு மூட்டை கட்டினேன். மற்றது இன்னும் தொங்குகிறது. வெயில் படும்போது சுவரில் பூ விழும். ஒன்பது வருடமாக அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டுதான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

வேறொன்றுமில்லை. மழையில் நனையாதே.

அக்கா.


மரியாபாத்
ஜூலை 5

ஏவஸ்,

களைப்பு உன்னைத் தொடாதிருக்கட்டும். கடிதம் வரவில்லை. தபால்காரன் படியேறும் சத்தம் கேட்டு இரண்டு முறை எழுந்தேன். ஒரு முறை மின்கட்டணம், ஒரு முறை தண்ணீர் வண்டிக்காரன்.

கனவு மாறிவிட்டது. சட்டைகள் இப்போது மலையில் இல்லை. கடல் மேல் நடக்கின்றன. நான் கடலைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் கனவில் அது நம் தெருவைப் போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது. முன்னால் போகும் சட்டை திரும்பிப் பார்த்து, 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்கிறது. யாகூபின் குரல். எனக்கு வழி தெரியாது என்கிறேன். 'சித்தப்பாவுக்குத் தெரியும்' என்கிறது.

அவன் உன்னை மாமா என்றுதானே கூப்பிடுவான்? கனவில் முறை தப்புகிறது. வழி தப்பவில்லை.

அக்கா.


டாண்டெனாங்
ஜூலை 20

அக்கா,

நீ நெடுங்காலம் உயிரோடிரு. இதைப் படித்த பிறகும்.

வண்டி நிற்கவில்லை. நான் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முகத்தை மூடிக்கொண்டுதான் போனேன்; நம் பகுதியைத் தாண்டினால் நாம் எல்லோரும் அப்படித்தானே. மூட்டையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். அப்போது ஃபோன் வந்தது. நம் தெரு ரமஜான் பேசினான். இரண்டு வார்த்தைதான் சொன்னான்.

என் கையில் கடலை சூடாக இருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணி காற்றில் படபடவென்று அடித்தது. நான் வாயைத் திறந்தால் என் பேச்சே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றினால் கண்.

தோஸ்த் முகம்மது என்னிடம் வந்தான், அக்கா. கூட்டம் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. விதிப்படி காத்திருக்க வேண்டியது கால் மணி நேரம். அவன் அதைத் தாண்டியும் விசிலை வாயில் வைக்காமல் நின்றான். எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தவன் என்னையும் கேட்டான். "அண்ணே, நீங்க மரியாபாத் ஆளா? பசங்க வர்றாங்களா? வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, பொழுது சாயுற வரைக்கும் நிக்கிறேன்."

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அதன் பிறகுதான் ஊதினான்.

நீ ஒன்பது வருடமாக அவனைச் சபிக்கும்போதெல்லாம், ஆமீன் சொன்னவன் நான்.

மூட்டையைப் பிரிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த படகிலும் மடியில் வைத்திருந்தேன். இந்த வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நேற்றுக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். கேக் வைக்கும் மேசையில் ஒவ்வொன்றாக விரித்தேன். "போன தடவ நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்" என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது. மீதியை ஃபிஸ்ஸா சொன்னாள். கிரெக் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். ஜாய்ஸ் ஒரு சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பி, அந்தச் சிவப்பு முத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒத்துக்கொண்டார்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். பதில் மட்டும் போடு.

ஏவஸ்.


டாண்டெனாங்
ஆகஸ்ட் 9

அன்பு ஆஜைக்கு,

நீங்கள் நெடுங்காலம் உயிரோடிருங்கள். இன்று காலை ஆட்டம் முடிந்தது. சேறு காயும் முன்பே எழுதுகிறேன்.

மூடுபனி. இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் தெரியவில்லை. நாங்கள் பதினொரு பேரும் உங்கள் பச்சைச் சட்டைகளில் இறங்கினோம். எல்லோருக்கும் தொளதொள. பெரிவானுக்கு முட்டிவரை வந்தது. "பெரிய சட்டை கேட்டேன், கெடச்சிருச்சு" என்றாள். சட்டையில் ஓர் எழுத்தும் இல்லை. கறுப்பினத்தவளான அபுக் போட்டிருந்தாள், ஆதிக்குடியைச் சேர்ந்த கிர்ரா போட்டிருந்தாள், நூர் போட்டிருந்தாள். அப்பாவுடையதை நான் போட்டேன். ஒவ்வொருத்தியும் தன் ஜனங்களின் பெயரைச் சொன்னாள். நூர் தன் ஜனங்களின் பெயரை இரண்டு தடவை சொன்னாள்; யாரும் தடுக்கவில்லை.

பிறகு நடுவரிடம் நான் ஏற்கெனவே கேட்டிருந்தபடி, அந்த அம்மா விசிலை ஊதவில்லை. கால் மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். வராதவர்களுக்காக. எதிரணியும் நின்றது. எங்கோ ஒரு குழந்தை மட்டும் "யாரும்மா வரணும்?" என்று கேட்டது. பனிக்குள் யாரோ ஓடி வருவதுபோலவே இருந்தது, ஆஜை. நான் குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். சின்னத் தாத்தா கோட்டோரம் நின்றார். கண்ணாடி இல்லை, போர்வை இல்லை, மஃப்ளர்கூட இல்லை.

இரண்டுக்கு ஒன்று தோற்றோம். இரண்டாவதை நான் பிடித்திருக்க வேண்டும். பந்து பனிக்குள் மேலே போயிற்று, எங்கே இறங்கும் என்று தெரியவில்லை. ஆனால் இறங்கியது.

படம் இதோடு வைத்திருக்கிறேன்.

ஃபிஸ்ஸா.


மரியாபாத்
ஆகஸ்ட் 30

தம்பி ஏவஸ் அலிக்கு,

களைப்பு உன்னைத் தொடாதிருக்கட்டும். முழங்காலுக்குத் தைலம் நன்றாக இருக்கிறது. கடுகெண்ணெயோடு சேர்த்துத்தான் தேய்க்கிறேன்.

படத்தைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மாலையில் சுவரில் விழும் பூ அந்தப் பெண்கள் மேல் நகர்ந்து போகிறது. மூன்றாவதாக நிற்பவளின் தையல் தோளில் விட்டிருக்கிறது. கழற்றி அனுப்பச் சொல், தைத்துத் தருகிறேன். சட்டைகள் இப்போது கனவில் வருவதில்லை. போன இடத்திலேயே இருந்துவிட்டன போல. வீடு கொஞ்சம் வெறிச்சென்றிருக்கிறது.

ஜும்மாவிடம் சொல்லி அனுப்பி, தோஸ்த் முகம்மதுவை விசாரித்தேன். உயிரோடு இருக்கிறானாம், ஒரு கண் தெரியவில்லையாம். அவனுக்கு ஒரு பை உலர்ந்த பாதாமிப் பழம் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு அல்ல. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பழம் நல்ல பழம். அவனுக்குப் புரியும்.

அன்று மைதானத்தில் நீ தலையை ஆட்டியது பயத்தில். அதை நான் உனக்கு விட்டுவிட்டேன். நீ ஆமாம் என்றிருந்தால் என் வீட்டு வாசலில் இன்னொரு பாடை நின்றிருக்கும். கடிதம் எழுத எனக்கு ஆள் இருந்திருக்காது. போர்வையும் கண்ணாடியும் உன் குற்றமல்ல, இந்த ஊர் நமக்குத் தைத்துக் கொடுத்த உடுப்பு.

ஆனால் மே மாதம்? துப்பாக்கி இல்லாத ஊரில், கேக் வெட்டி வைத்த மேசையில், வெறும் முகத்தோடு உட்கார்ந்துகொண்டு, யாகூபின் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி தலையை ஆட்டினாய். அந்த ஆட்டத்துக்கு எந்தப் பயத்தை நான் காரணம் சொல்வது? சட்டைகளை விரித்தாய், நல்லது. கோட்டோரம் நின்றாய், நல்லது. நல்லதை நல்லது என்கிறேன். கணக்கு வேறு.

காதை மூடிக்கொள், அங்கே குளிர் இன்னும் முடியவில்லை என்று ஃபிஸ்ஸா சொன்னாள். கஞ்சி குடி. மாதம் ஒரு கடிதம் எழுது. வரவில்லையென்றால் மறுபடி படிச்சத்தம் கேட்டு எழுந்துகொண்டிருப்பேன்.

முதல் கடிதத்தில் ஒரு பெயரை எழுதாமல் விட்டேன். உன் வாயால் வரட்டும் என்று வைத்திருந்த இடம் அது. வந்துவிட்டது, நிரப்புகிறேன். பேருந்தை நிறுத்தியவர்களின் முகம் எனக்குத் தெரியாது, அவர்களைக் கடவுள் பார்த்துக்கொள்வார். தெரிந்த முகங்களில் நான் மன்னிக்காமல் சாகப் போவது ஒருவனை மட்டும்: கறுப்புக் கண்ணாடி போட்டு, மாதுளம்பூ மூட்டையோடு நின்ற என் தம்பி, ஏவஸ் அலி.